பாயிண்டைத் தொட்டால் டைமிங்கையும் தொடணும்

எங்க வீட்டு அம்பாசடர் 1978 மாடல், மார்க் 3. அப்பா டாக்சியா ஓட்டின வண்டி. போன வருஷம் நானே புது பாயிண்ட் செட் வாங்கிப் போட்டேன். திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கற சின்ன ஸ்விட்ச் அது. பாயிண்ட் திறந்து நிக்கும்போது இருக்கற இடைவெளியை, அதாவது கேப்பை, அளந்துதான் வெச்சேன். சேலத்துக்குள்ள நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாள் ஏற்காடு ஏறினா, மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே தகர டப்பால புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கற சத்தம். இன்ஜின் தட்டுது. பெட்ரோல் சரியில்லைன்னு பங்க்காரரைத் திட்டிக்கிட்டே திரும்பினேன். பாவம், அவர் மேல தப்பே இல்லை.

நடந்தது இதுதான். பழைய பாயிண்டோட ஃபைபர் குதிகால், அதைத் திறக்கவைக்கற மேடு வெச்ச தண்டில், அதாவது கேமில், உரசி உரசித் தேய்ஞ்சிருக்கு. தேயத் தேய கேப் குறையும். பாயிண்ட் லேட்டாத் திறக்கும், ஸ்பார்க்கும் லேட்டாகும். இழுவை இல்லைன்னு ஒரு மெக்கானிக், கேப்பைப் பார்க்காமலே டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்டை உள்ளே வெச்சு, ஸ்பார்க்கை நாலு ப்ளக்குக்கும் பிரிச்சுத் தர்றது) பாடியைத் திருப்பி அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்னாடியே வர்ற மாதிரி, வெச்சுட்டார். புதுசு போட்டு நான் கேப்பைச் சரியாக்கினதும் அந்த அட்வான்ஸ் அப்படியே உபரியா நின்னுடுச்சு. அதனால முதல்ல கேப், அப்புறம்தான் ஸ்பார்க் வர்ற நேரம், அதாவது டைமிங். மாத்திச் செஞ்சா ரெண்டுமே வீண்.

கேப் பார்க்க டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, குதிகால் கேமோட மேட்டு மேல உட்கார்ற வரைக்கும் இன்ஜினைச் சுத்துங்க. ஹேண்டில் இல்லைன்னா டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளுங்க. ப்ளக் நாலையும் கழட்டிட்டா சுலபம். இடைவெளி அளக்கற தகடான ஃபீலர் கேஜில் 15 தவ், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 பங்கு, 0.38 மில்லிமீட்டர். தகடு லேசா இழுபட்டு வரணும், மாட்டிக்கக் கூடாது. புது பாயிண்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழிச்சு நடுவுல விட்டு இழுத்தா போயிடும். உப்புத்தாள் வேண்டாம்.

கையோட, டிஸ்ட்ரிபியூட்டர் நடுவுல சுத்தற ரோட்டாரைப் பிடிச்சு அது ஓடற திசையில் திருப்பி விடுங்க. சட்டுனு பழைய இடத்துக்கு வரணும். வரலைன்னா உள்ளே அட்வான்ஸ் ஸ்பிரிங்கோ வெயிட்டோ பிடிச்சிருக்கு. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்க. நல்லா ஆடினா அதைத் தாங்கற புஷ் போச்சு. அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு எந்த டைமிங்கும் நிக்காது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போற வேக்வம் பைப்பைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழட்டி வாயால் உறிஞ்சினா பாயிண்ட் தட்டு நகரணும். ருசி கேவலமா இருக்கும், பரவாயில்லை.

இப்போ டைமிங். ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டர்தான் ஒண்ணாம் நம்பர். அதோட ப்ளக் துளையில் கட்டைவிரலை வெச்சு இன்ஜினைச் சுத்தினா, காற்று விரலைத் தள்ளற இடம்தான் கம்ப்ரெஷன். ரோட்டார் ஒண்ணாம் நம்பர் ஒயரைப் பார்த்து நிக்கும். கீழே புல்லியில் ஒரு வெட்டு. டைமிங் கவரில் மூணு முள். நீளமானது டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிக்கற இடம்; மத்த ரெண்டும் அதுக்கு முன்னால 5, 10 டிகிரி. என் வண்டிக்கு வெட்டை 5-க்கு நேரா நிறுத்தி ஆரம்பிப்பேன். வெட்டு முள்ளைத் தாண்டிட்டா அப்படியே பின்னால இழுத்து நிறுத்தாதீங்க; நிறையப் பின்னால போயிட்டு மறுபடி ஓடற திசையிலயே வந்து நில்லுங்க. இல்லைன்னா செயின் தளர்வு கணக்கைக் கெடுக்கும்.

12 வோல்ட் பல்பு ஒண்ணு எடுத்து ஒரு ஒயரை, ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்தற காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற முனையில் மாட்டுங்க, இன்னொண்ணை பாடியில். சாவி ஆன். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை இடச்சுற்றாத் திருப்புங்க. பல்பு அணையும், பாயிண்ட் மூடியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் வலச்சுற்றா மயிரிழை மயிரிழையாத் திருப்புங்க. பல்பு எரிய ஆரம்பிக்கிற அந்த இடத்தில் நிறுத்தி முறுக்குங்க. முறுக்கும்போது பாடி நகரும். இன்னொரு தடவை சரிபாருங்க. சாவியை ஆன்லயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, காயில் சூடேறிடும்.

ஒயர் வரிசை 1-3-4-2, ரோட்டார் ஓடற இடச்சுற்றில். வரிசை மாறினா கார்ப்பரேட்டர் வழியா வெடிக்கும்.

அப்புறம் மேட்டில் ஓட்டிப் பாருங்க. தட்டினா, அல்லது ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைச்சா, அட்வான்ஸ் அதிகம். இழுவை செத்து, ரேடியேட்டர் சூடாகி, சைலன்சரில் பட் பட்னு அடிச்சா ரிட்டார்ட், அதாவது ஸ்பார்க் லேட். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கு, ‘ஏ’, ‘ஆர்’னு அம்புக்குறியோட. சில்லறைத் திருத்தமெல்லாம் அதில்தான். கிளாம்ப்பைத் தொட வேண்டாம்.

அன்னைக்கு நான் இதையெல்லாம் செஞ்சப்போ டிஸ்ட்ரிபியூட்டர் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவையும் தட்டாம ஏறினேன். புது குதிகால் சீக்கிரம் கொஞ்சம் தேயும்கிறதால, 500 கிலோமீட்டர் ஓடினதும் அந்த 15 தவ் தகட்டை இன்னொரு தடவை உள்ளே விட்டுப் பார்த்தேன். நுழையலை.