நிலை உராய்வு முதல் பாய்ம உராய்வு வரை: ஒரு மரக்கட்டையைக் கொண்டு படிப்படியாக

உராய்வைப் படிக்கத் தொடங்குவோர் பலர், கணக்கில் உராய்வு என்ற சொல்லைக் கண்டதுமே உராய்வுக் குணகத்தை (இரு பரப்புகளுக்கு இடையே உராய்வு எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண்) செங்குத்து விசையால் (பரப்பு தன்மீதுள்ள பொருளைச் செங்குத்தாகத் தள்ளும் விசை) பெருக்கி விடை எழுதிவிடுகிறார்கள். பொருள் அசையாமல் இருக்கும்போது அந்த விடை பெரும்பாலும் தவறாகிவிடும். ஏன் என்பதைக் கையால் உணர்ந்துகொண்டால் மற்ற வகைகள் எளிதில் பிடிபடும். பக்கங்களின் அளவு வெவ்வேறாக உள்ள ஒரு செவ்வக மரக்கட்டை, ரப்பர் பேண்டு, அளவுகோல், உருண்டையான சில பென்சில்கள் ஆகியவை போதும்.

படி 1. கட்டையின் ஒரு முனையில் சிறு ஆணி அடித்து ரப்பர் பேண்டை மாட்டி, மேசைக்கு இணையாக மெல்ல இழுங்கள். ரப்பர் நீளும்; கட்டை அசையாது. இன்னும் சற்று இழுத்தாலும் அசையாது. நீங்கள் இழுக்கும் விசை கூடக் கூட, அதே அளவு விசையை மேசையும் எதிர்த்திசையில் தருகிறது. இதுதான் நிலை உராய்வு. இதற்கென ஒரே மதிப்பு கிடையாது. சுழியிலிருந்து ஓர் உச்ச வரம்பு வரை தேவைக்கேற்ப மாறும். குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கினால் கிடைப்பது அந்த வரம்பு மட்டுமே.

படி 2. வரம்பைத் தாண்டியதும் கட்டை சட்டென நகரும். அதன்பின் சீரான வேகத்தில் இழுத்துச் சென்றால், ரப்பரின் நீட்சி முன்பைவிடக் குறைந்திருப்பதை அளவுகோல் காட்டும். பொருள் நழுவி நகரும்போது எதிர்க்கும் இந்த நழுவு உராய்வு பொதுவாக நிலை உராய்வின் வரம்பைவிடக் குறைவு.

இதையே எண்களில் பார்ப்போம். கட்டையின் நிறை 2 கிலோகிராம், நிலை உராய்வுக் குணகம் 0.5, நழுவு உராய்வுக் குணகம் 0.3, ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்க. செங்குத்து விசை 20 நியூட்டன். எனவே வரம்பு 10 நியூட்டன். 4 நியூட்டன் விசையால் இழுத்தால் உராய்வு 10 அன்று, 4 நியூட்டன்தான். 12 நியூட்டனால் இழுத்தால் கட்டை நகரும். அப்போது உராய்வு 6 நியூட்டன், மிஞ்சும் விசை 6 நியூட்டன், முடுக்கம் 3 மீ/வி².

படி 3. கட்டையைக் குறுகிய பக்கத்தின் மீது கிடத்தி மீண்டும் இழுங்கள். பக்கங்கள் ஒரே அளவு வழவழப்பாக இருந்தால் நீட்சி ஏறத்தாழ மாறாது. உராய்வு, தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் அமோன்டன் 1699-இல் வெளியிட்டார். கட்டையின் மேல் எடை வைத்தால் மட்டும் நீட்சி கூடும்.

படி 4. பென்சில்களை அடியில் வரிசையாக வைத்து இழுத்தால் ரப்பர் நீள்வதே அரிதாகத் தெரியும். இது உருளும் உராய்வு. தொடும் இடத்தில் பரப்புகள் சற்றே நசுங்கி மீள்வதால் பெரும்பாலும் உண்டாகிறது. நழுவாமல் உருளும் சக்கரத்தில், சாலையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் ஓய்வில் இருக்கும். ஆகவே வண்டியை முன்னே செலுத்துவதும் பிரேக் பிடிக்கும்போது நிறுத்துவதும் நிலை உராய்வே. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் நழுவு உராய்வு மட்டுமே எஞ்சும், ஸ்டியரிங்கும் கட்டுப்படாது. ஏபிஎஸ் பிரேக் இதைத்தான் தடுக்கிறது.

எஞ்சியது நீரிலும் காற்றிலும் நகரும் பொருளை எதிர்க்கும் பாய்ம உராய்வு. இது பொருளின் வேகத்தையும் வடிவத்தையும் சார்ந்து மாறுவதால், மேலே கண்ட குணகக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே எண்ணெய்ப் படலம் முழுமையாகப் பரவிவிட்டால், அங்கும் கணக்கிட வேண்டியது பாய்ம உராய்வையே.