சென்ட்ரலில் இறங்கியாச்சு, அடுத்த வண்டியை எங்கே பிடிப்பது?

சென்னை சென்ட்ரலுக்குள் யாரும் வழி தவறுவதில்லை. எல்லா நடைமேடையும் ஒரே பக்கம் வந்து முடிகிறது, கூட்டத்தோடு நடந்தால் வாசல் வந்துவிடும். குழப்பம் வாசலுக்கு வெளியேதான். புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒன்றின் நடைமேடையில் இன்னொன்று வராது.

முதலில் டிக்கெட்டை எடுங்கள். இங்கிருந்து வேறு வெளியூர் வண்டி மாறுகிறவர்கள் அதில் நிலையக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல். எம்.எஸ். என்றால் எழும்பூர். வித்தியாசம் ஒரே எழுத்து, ஆனால் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம். கோவை, பெங்களூரு, வடமாநில வண்டிகள் பெரும்பாலும் சென்ட்ரலில் கிளம்பும். திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் போகிறவை எழும்பூரில். டி.பி.எம். என்று இருந்தால் அது தாம்பரம், கையில் நிறைய நேரம் வேண்டும். 2019-இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், அதனால் டிக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம், அதே நிலையம்தான்.

எழும்பூருக்கு மெட்ரோவில் போங்கள். பச்சை வழித்தடத்தில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். பெட்டி நாலைந்து இருந்தால் மட்டும் ஆட்டோ, அதுவும் ஏறுவதற்கு முன் பேசிக்கொண்டு.

ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி போகிறவர்கள் சாலையைக் கடக்கவே வேண்டாம். சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அந்த லோக்கல் வண்டிகள் கிளம்பும். (சந்தை 1985-இல் எரிந்துபோனது, பெயர் மட்டும் நிற்கிறது.)

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு நிலையங்கள் உண்டு: பூங்கா, பூங்கா நகர். மக்கள் பேச்சில் பார்க், பார்க் டவுன். முதல்முறை மயிலாப்பூர் கிளம்பியபோது, "எதிரே பார்க்கில் ஏறு" என்று சித்தப்பா போனில் சொன்னார். பலகையில் பார்க் என்று பார்த்ததும் படியிறங்கி, வந்த வண்டியில் ஏறிவிட்டேன். எழும்பூர் வந்தது, சேத்துப்பட்டு வந்தது. மயிலாப்பூருக்கு ஏன் இவ்வளவு சுற்று என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நுங்கம்பாக்கத்தில் பக்கத்து இருக்கைப் பாட்டி, "தம்பி, இது தாம்பரம் வண்டிப்பா" என்றார். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவோடு இறங்கி, திரும்ப வந்தேன்.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மாம்பலம், கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு என்றால் பூங்கா. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, வேளச்சேரி என்றால் பூங்கா நகர், அதாவது பறக்கும் ரயில். மயிலாப்பூருக்கான நிலையப் பெயர் திருமயிலை. எந்த நிலையமாக இருந்தாலும் ஏறுவதற்கு முன் வண்டியின் நெற்றியில் என்ன ஊர் என்று படியுங்கள். எதிர்த்திசை வண்டிகள் கடற்கரை நிலையத்துக்குப் போய்விடும். சாலையை மேலே கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. மகளிர் பெட்டி, முதல் வகுப்புப் பெட்டி இரண்டையும் கவனித்து ஏறுங்கள், அபராதம் உண்டு.

விமான நிலையம் போக மெட்ரோவில் நீல வழித்தடம். பச்சையில் ஏறிவிட்டாலும் மோசமில்லை, ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம், கொஞ்சம் சுற்று அவ்வளவுதான். இரண்டுக்கும் நடைமேடை வேறு வேறு தளத்தில் இருப்பதால் கீழே இறங்கும்போதே நிறத்தைப் பாருங்கள். மெட்ரோவுக்கு வாட்ஸ்அப்பில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்தான் என் தேர்வு. லோக்கலுக்கு இன்னமும் கவுண்டரில் காகித டிக்கெட்தான் வாங்குகிறேன். போனில் சார்ஜ் தீர்ந்தால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு போய், திருச்சி பஸ் இல்லை என்று எழுதியிருந்தார். என் தவறுதான், பஸ் பற்றி நான் சொல்லவே இல்லை. தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் இப்போது தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பூங்காவில் லோக்கல் ஏறி தாம்பரத்தில் இறங்கினால் அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாநகரப் பேருந்து கிடைக்கும். சாயங்காலக் கூட்டத்தில் பெட்டியோடு அந்த லோக்கலில் ஏறுவது கஷ்டம், மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.