ஸ்க்ரோல் ஏன் நகர மாட்டேன் என்கிறது? ஃபிரேம்பஃபரில் செய்யக்கூடாதவை

மன்னார்குடியில் அக்கா மகன் சொந்தமாக ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறான். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டிக்காட்டும் கியூஎமுவில் (QEMU) பறந்தது. பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் பூட் செய்தால், ஒவ்வொரு ஸ்க்ரோலும் மேலிருந்து கீழே இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. "கேஷ்லதான் கோளாறு மாமா" என்றான். பாதி சரி.

திரையில் தெரியும் பிக்சல்களை வைத்திருக்கும் வீடியோ மெமரிதான் ஃபிரேம்பஃபர். கியூஎமுவில் அது நம் கணினியின் சாதாரண ராம்தான். அந்த வேகத்தை நம்பியதே முதல் தவறு. நிஜ வீடியோ கார்டு, ப்ராசசரையும் அதையும் இணைக்கும் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்கேஷ்டாக, அதாவது ப்ராசசருக்குள் இருக்கும் வேக நினைவகமான கேஷைத் தொடாமல், மேப் செய்தால் ஒவ்வொரு பிக்சலும் தனியாகப் போகும். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லை மரக்கால் மரக்காலாகத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. ரைட்-கம்பைனிங் என்றால் ப்ராசசர் 64 பைட் வரை சேர்த்து மூட்டையாக அனுப்பும்.

முகவரிகளை மேப் செய்யும் பேஜ் டேபிளில் அவன் ரைட்-பேக் (எழுதுவதைக் கேஷில் வைத்துப் பிறகு மெமரிக்கு அனுப்பும் முறை) என்று வைத்திருந்தான். பலன் இல்லை. அந்த முகவரிகளைப் பயாஸ் பெரும்பாலும் எம்டிஆர்ஆரில் (எந்த முகவரி வரம்புக்கு எந்தக் கேஷ் முறை என்று சொல்லும் ப்ராசசர் ரெஜிஸ்டர்கள்) அன்கேஷ்ட் என்று குறித்துவிடும். இரண்டும் மோதினால் அன்கேஷ்டே ஜெயிக்கும். எம்டிஆர்ஆரையும் ரைட்-பேக்காக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எழுதியது கேஷிலேயே தங்கிப் பாதி எழுத்துதான் திரைக்கு வரும். பிஏடியில் (பேஜ் டேபிள் தேர்ந்தெடுக்கக்கூடிய கேஷ் முறைகளின் பட்டியல்) ரைட்-கம்பைனிங் கேட்டால் மட்டும் எம்டிஆர்ஆரின் அன்கேஷ்டை மீறிச் செல்லும். ஆனால் ரீசெட் நிலையில் பிஏடியின் எட்டு இடங்களில் ஒன்றில்கூட அது கிடையாது. 0x277 என்ற எம்எஸ்ஆரில் (ப்ராசசரின் அமைப்பு ரெஜிஸ்டர்) நாம்தான் எழுத வேண்டும்.

சரி, இதையெல்லாம் செய்தும் ஸ்க்ரோல் ஊர்ந்தால்? ஊரத்தான் செய்யும். ரைட்-கம்பைனிங் எழுதுவதற்குத்தான் உதவும். படிப்பது அன்கேஷ்ட் மாதிரியேதான். அவன் எழுதிய புரோகிராம் ஃபிரேம்பஃபரிலிருந்தே படித்து ஒரு வரி மேலே தள்ளியது. 1024×768, பிக்சலுக்கு 4 பைட் என்றால் 3 எம்பி. ஒவ்வொரு புது வரிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவையும் பஸ் வழியாகத் திரும்ப இழுக்கிறோம். என்னைக் கேட்டால் பிஏடியைத் தொடும் முன் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். ராமில் ஒரு நகல் வைத்து, தள்ளுவதை அங்கே தள்ளி, திரைக்கு எழுத மட்டும் செய்யுங்கள். நாங்கள் அதை மட்டும் மாற்றியதுமே வரி இறங்குவது கண்ணில் படாமல் போயிற்று.

ராஸ்பெர்ரி பை மாதிரி போர்டுகளில் கதை வேறு: ஃபிரேம்பஃபர் ராமிலேயே இருக்கும். கேஷ் போட்டால் எழுதிய பிறகு அதைக் கிளீன் செய்தாக வேண்டும், அதாவது கேஷில் உள்ளதை ராமுக்குத் தள்ளியாக வேண்டும்.

அப்புறம், ஒரே முகவரிக்கு ரைட்-பேக்காக ஒன்று, ரைட்-கம்பைனிங்காக ஒன்று என இரண்டு மேப்பிங் வேண்டாம். பூட்லோடர் விட்டுப்போன பழையதை அழித்து, பேஜ் டேபிளின் பழைய பதிவுகளை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பியையும் காலி செய்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.