காடி எடுக்க ரூட்டரை அமைப்பது எப்படி? முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

மரத்தில் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுக்கிற மெஷின்தான் ரூட்டர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ் என்றுதான். அது அப்புறம். வேலை நடக்கும்போது எது நகரப் போகிறது, மெஷினா பலகையா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். அலமாரியின் பக்கப் பலகை மாதிரி அகலமான ஒன்றில் தட்டு உட்காரக் காடி எடுக்க வேண்டுமென்றால் பலகையைக் கிளாம்ப் போட்டு மெஷினை ஓட்டுங்கள். 18 மி.மீ பலகைகளின் ஓரத்தில் நாக்கும் (காடிக்குள் நுழைகிற நீட்டம்) காடியும் எடுத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால், அந்த ஒல்லி ஓரத்தில் மெஷின் நிற்காது, ஆடும். அதை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டிவிட்டுப் பலகையைத் தள்ளுவதுதான் சரி.

இரண்டுக்குமே 700 வாட் அளவில், வேகம் கூட்டிக் குறைக்க முடிகிற டிரிம்மர் (சின்ன ரூட்டர்) ஒன்று ஆரம்பத்துக்குப் போதும். பிட் (மரத்தை வெட்டுகிற அலகு) வாங்கும்போது மட்டும் அதன் தண்டை அளந்து வாங்குங்கள். 6 மி.மீ தண்டுக்கும் கால் அங்குலத் தண்டுக்கும், அதாவது 6.35-க்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கால் அங்குலக் கோலெட்டில் (தண்டை இறுக்கிப் பிடிக்கிற பிடிப்பான்) 6 மி.மீ தண்டைப் போட்டால் இறுகின மாதிரி இருந்துவிட்டு ஓட்டத்தில் நழுவும். மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டை அடிவரை விட்டு 2 மி.மீ மேலே இழுத்து முறுக்குங்கள். கண்ணாடி, மாஸ்க், காதடைப்பு எல்லாம் சொல்லவே வேண்டாம்.

கையால் ஓட்டுவதற்கு நேரான ரீப்பர் ஒன்றே வழிகாட்டி. மெஷினின் அடித்தட்டு 90 மி.மீ, பிட் 12 என்றால் ரீப்பருக்கும் காடி ஓரத்துக்கும் 39 மி.மீ இடைவெளி. கணக்கை நம்பாமல் வேஸ்ட் கட்டையில் ஒருமுறை ஓட்டி அளந்துவிடுங்கள். ரீப்பர் உங்கள் இடது கைப் பக்கம் இருக்க, மெஷினை முன்னால் தள்ளுங்கள். பிட் சுற்றுகிற திசையால் மெஷின் இடப்பக்கம் சாயப் பார்க்கும், ரீப்பர் அங்கே இருந்தால் அதில் ஒட்டியே ஓடும். ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ ஆழத்துக்கு மேல் வேண்டாம். 18 மி.மீ பிளைவுட் பெரும்பாலும் முழு 18 இருக்காது, அதனால் காடி அகலத்தை அந்தத் தட்டை வைத்தே குறியுங்கள்.

மேசையில் பலகை வலமிருந்து இடம் போக வேண்டும். காடியை முதலில் எடுங்கள்: 6 மி.மீ பிட், 8 மி.மீ ஆழம், மூன்று ஓட்டம். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு முகம் ஃபென்ஸில் (மேசைமேல் இருக்கிற நேரான வழிகாட்டி) படும்படி ஓட்டி, பிறகு முன்பின் திருப்பி மறுமுகம் படும்படி இன்னொருமுறை ஓட்டினால் காடி தானாக நடுவுக்கு வந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம், ஃபென்ஸிலிருந்து பிட்டின் மையம் 9 மி.மீ-ஐவிட மயிரளவு கூடுதலாக இருக்கட்டும், குறைவாக இருந்தால் இரண்டாவது ஓட்டத்தில் பலகை கையை விட்டு முன்னால் பாயும்.

காடி சற்று அகன்றிருந்தாலும் பரவாயில்லை, நாக்கை அதற்கேற்ப எடுக்கப் போகிறோம். பலகையைப் படுக்க வைத்து, பிட்டின் உயரத்தை 6 மி.மீ-க்குக் கொஞ்சம் குறைவாகவே வைத்து, ஃபென்ஸுக்கு வெளியே 7.5 மி.மீ தெரியும்படி அமைத்து இரு முகத்திலும் ஓட்டுங்கள். இங்கேயும் ஃபென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளித்தான் அந்த 7.5-க்கு வர வேண்டும். நாக்கு கை அழுத்தத்திலேயே காடிக்குள் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் பிட்டைக் கால் மில்லி உயர்த்துங்கள். இரு முகத்திலும் குறைவதால் நாக்கு அரை மில்லி மெலியும்.