கோழிக்கூட்டுக் கூரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்க நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "தகரம் என்ன விலை?" அடுத்தது, "ஒழுகாதே?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் வாங்கிவந்து அடித்துவிடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கூரையை வெளியே நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ராத்திரி கோழி ஏறி உட்காரும் கழியின் உயரத்தில் நம் தலை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் அதுவும் சரியாக நடக்காது. இங்கே கோடையான பிப்ரவரி மாதம், போர்ட் லூயிஸ் பக்கம், மதியம் இரண்டு மணிக்கு ஒரு தாழ்ந்த தகரக் கூட்டுக்குள் கையை நீட்டிப் பாருங்கள். தகரத்துக்கு அரை அடி கீழே அனல் அடிக்கும். கோழிகள் இறக்கையை விலக்கி, அலகைப் பிளந்தபடி நிற்கும். இப்படியே சில நாள் போனால் முட்டை குறையும், ஓடு மெலியும், கடும் வெயிலில் கோழியே செத்தும் போகும். தகரம் மோசமான பொருள் என்று சொல்லவில்லை. நானும் தகரத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் உயரமான பக்கம் ஆறரை அடியாவது இருக்கட்டும், உட்காரும் கழி கூரைக்கு இரண்டடி கீழே இருக்கட்டும், மேலே வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள்.

சூட்டைக் குறைக்க சிலர் தகரத்தின் அடியில் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். கோழிக்கு அதைக் கொத்துவதில் அப்படி ஒரு ஆசை. கழியில் நின்றபடியே எட்டின இடத்தையெல்லாம் கொத்தி விழுங்கிவிடும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குக் கீழே பிளைவுட் அடித்து மூடுங்கள். இன்னும் நல்ல வழி, கூரைக்கு ஒரு முழம் மேலே தனியாகப் பந்தல் போட்டு சௌசௌ கொடியை ஏற்றிவிடுவது. கொடிக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று ஓடும், நிழலும் கிடைக்கும், காயும் கிடைக்கும். கொடி தகரத்தின் மேலேயே படர்ந்தால் மட்டும் ஈரம் தங்கித் துருப்பிடித்துவிடும்.

திசையிலும் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே கட்டினால் இங்கே பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். குளிர்கால வெயில் நமக்கு வடக்கிலிருந்து வரும். ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்து வீசும், சாரலும் அதோடு வரும். எனவே கூரையின் தாழ்ந்த பக்கம் தென்கிழக்கைப் பார்க்கட்டும், உயர்ந்த திறந்த பக்கம் வடக்கையோ வடமேற்கையோ பார்க்கட்டும்.

க்யூர்பிப் போன்ற மேட்டுப் பகுதிகளில் பிரச்சினையே வேறு. ஜூலை ராத்திரியில் குளிர் தாங்காது என்று கூட்டை நாலு பக்கமும் அடைத்துவிடுவார்கள். கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வரும் ஈரம் மேலே போய், குளிர்ந்த தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து தார் பூசுபவர்கள் உண்டு. அது ஒழுக்கல்ல, காற்றுப் போக வழியில்லாததால் வந்த வினை. கீழே பரப்பிய உமியோ மரத்தூளோ நனைந்து அமோனியா நெடி ஏறினால் கோழிக்குக் கண் எரியும், சளி பிடிக்கும். சுவரின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, கம்பி வலை அடியுங்கள்.

கரும்புத் தோகையும் தென்னங்கீற்றும் குளிர்ச்சிதான். ஆனால் எலியும், கோழி உடம்பில் ஒட்டும் பூச்சியான கோழிச்செல்லும் குடியேறினால் விரட்டவே முடியாது. தார் ஷீட்டின் மடிப்பிலும் செல்லு ஒளிந்துகொள்ளும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டை முழுக் கூரைக்கும் போட்டால் உள்ளே அடுப்புதான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வீடுகளைச் சாய்த்தபின் கட்டிய குடியிருப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பட்டது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது அந்த ஷீட் சும்மா கிடைக்கிறதே என்று கூட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். வெட்டினாலோ துளைபோட்டாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். கூட்டைத் தினமும் பெருக்குவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் புயல். கரோல் அடித்தபோது காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. கூட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும் தகரம் பக்கத்து வீட்டு ஆளின் கழுத்தை அறுக்கும். ஆகவே மெல்லிய தகரம், வெறும் ஆணி இரண்டும் வேண்டாம். ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூவை நெளியின் பள்ளத்தில் இல்லாமல் மேட்டில் இறக்குங்கள். பள்ளத்தில் இறக்கினால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும். வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள், பிதுங்கும்வரை முறுக்கினால் சீக்கிரம் வெடிக்கும். தகரம் அதைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரோடு, ரீப்பர் கம்பத்தோடு, கம்பம் தரையில் காங்கிரீட்டோடு என்று பிடிப்பு மேலிருந்து கீழ்வரை அறாமல் போக வேண்டும். ரீப்பரையும் கம்பத்தையும் இரும்புப் பட்டையால் இணைப்பது நல்லது. கூரையை ஓர் அடிக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள், காற்று அடியில் புகுந்து தூக்கும். மாஹேபூர், சுயாக் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று ஸ்க்ரூவைத்தான் முதலில் தின்னும். அக்டோபரிலேயே ஒருமுறை ஏறிப் பாருங்கள். புயல் நெருங்கும்போது படிப்படியாக வரும் எச்சரிக்கைகளில் மூன்றாம் எச்சரிக்கை வந்தபின் பகல் வெளிச்சத்தில் ஆறு மணி நேரம்போலத்தான் கையில் இருக்கும். கோழிகளை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவரும் வேலையை இரண்டாம் எச்சரிக்கையிலேயே முடித்துவிடுங்கள்.

கூரை போட்டு முடித்த அன்றே கோழியை விட அவசரப்படாதீர்கள். துளைபோட்டபோது உதிர்ந்த தகரச் சுருள்களும் கீழே விழுந்த ஸ்க்ரூக்களும் மண்ணில் மினுங்கிக்கொண்டு கிடக்கும். மினுங்குவதைக் கண்டால் கோழி கொத்தும், விழுங்கினால் இரைப்பையைக் கிழிக்கும், தகரத்தின் மேல்பூச்சில் உள்ள துத்தநாகம் விஷமாகும். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கூட்டைச் சுற்றி மண்மேல் இழுத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் காலை வெயிலில் இன்னொரு முறை இழுங்கள்.