பத்து சென்டிமீட்டரில் ஒரு விமானந்தாங்கி: விண்கல மாடலை மாற்றியமைப்பது எப்படி?

மேசை விளையாட்டுக்கு வாங்கும் விண்கல மாடலைப் பெட்டியில் உள்ளபடியே ஒட்டி, பெயின்ட் அடித்து ஆடலாம். ஆனால் படையில் ஒரு கலமாவது உங்கள் கையால் வெட்டி, ஒட்டி உருவானதாக இருந்தால், அதை நகர்த்தும்போது வரும் சந்தோஷமே தனி. இந்தப் பதிவில் சாதாரண பிளாஸ்டிக் குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கலம்) ஒன்றை, சண்டை விமானங்களை ஏவும் விமானந்தாங்கியாக மாற்றப் போகிறோம். கத்தியும் பசையும் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

வேலை தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். மேசை மேல் ஒரு கலம் பிரம்மாண்டமாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் அதன் நீளத்தால் அல்ல, அதன் மேல் இருக்கும் நுணுக்கங்களின் அளவால். ஜன்னல் பெரிதானால் கப்பல் சிறிதாகிவிடும். அதனால் எதை ஒட்டினாலும், வரைந்தாலும், "நிஜத்தில் இது எத்தனை மீட்டர்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டம், எந்த மாடல்

முதல் முயற்சிக்கு நான் சொல்வது ஃபுல் த்ரஸ்ட். பிரிட்டனின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் வெளியிட்ட விண்கலப் போர் ஆட்டத்தின் விதிகள் இவை. இலவசமாகவே தரவிறக்கலாம். எந்த நிறுவனத்தின் மாடலையும் வைத்து ஆடலாம் என்பதால், வெட்டி ஒட்டிய கலத்துக்கு யாரும் ஆட்சேபம் சொல்லப்போவதில்லை. 1999-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த பேட்டில்ஃபிளீட் காத்திக் ஆட்டத்தின் பிளாஸ்டிக் குரூசர்களும் இந்த வேலைக்கு அருமையானவை. பக்கவாட்டு ஆயுதங்களை மாற்றி மாற்றிப் பொருத்தும்படியே அந்த கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் தொகுப்பு) வடிவமைக்கப்பட்டது. ஆனால் அவை இப்போது தயாரிப்பில் இல்லை. கிடைத்தற்கரிய மாடலில் வெட்டப் பழகாதீர்கள்.

கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மாடலாகப் பார்த்து எடுங்கள். அதை உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் உண்டு, வெட்டுவதும் சுலபம். ரெசின், ஈயம் போன்ற வெண்ணிற உலோகம், 3டி பிரிண்டரில் எடுத்த பெரும்பாலான மாடல்கள் ஆகியவற்றில் அந்த சிமென்ட் ஒட்டாது. அவற்றுக்கு சூப்பர் குளூதான். ரெசினைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

கணக்கு: ஐந்தே நிமிடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் மாடல் 10 சென்டிமீட்டர் நீளம். கதையில் இந்தக் கலம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அளவு விகிதம் 1/3000. இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். விக்ராந்த் 262 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். அதே விகிதத்தில் அது 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆக, ஒரு நிஜ விமானந்தாங்கியைவிடக் கொஞ்சம் பெரிய கலம் நம்முடையது.

இந்த விகிதத்தில் ஒரு மனிதர் 0.6 மி.மீ. உயரம். கலத்துக்குள் 3 மீட்டர் உயரத் தளம் (மாடி) ஒன்று 1 மி.மீ. 15 மீட்டர் நீளச் சண்டை விமானம் 5 மி.மீ. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசை ஓரத்தில் ஒட்டி வையுங்கள். உங்கள் கலம் கதையில் 3 கிலோமீட்டர் என்றால் எல்லாமே பத்தில் ஒன்றாகிவிடும். அப்போது விமானத் தளத்தின் வாயிலே வெறும் ஒரு கோடுதான், ஜன்னலைப் பற்றிப் பேச்சே இல்லை. தொடங்குகிறவர்களுக்கு 1/3000 கைக்கு அடக்கமானது.

தேவையானவை

பக்கவாட்டில் தட்டையாக வெட்டும் சின்ன கட்டர், புது பிளேடு போட்ட கைவினைக் கத்தி, இரும்பு ஸ்கேல், இடுக்கி, 400 மற்றும் 800 எண் உப்புத்தாள், கையால் சுழற்றும் சின்ன டிரில், 1 மி.மீ. துளை ஊசி. பொருட்களில் 0.25, 0.5, 1 மி.மீ. கனமுள்ள பாலிஸ்டைரீன் தகடு. இதைத்தான் பிளாஸ்டிகார்ட் என்கிறார்கள். மாடல் பொருட்கள் விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும். நீர்போல ஓடும் வகை பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு பாட்டில், சூப்பர் குளூ ஒன்று. இடைவெளி அடைக்க எபாக்சி புட்டி. மில்லிபுட் கிடைத்தால் நல்லது, காய்ந்தபின் நன்றாகத் தேய்க்க வரும். கிரீன் ஸ்டஃப் என்ற புட்டி ரப்பர் போல இருக்கும், தேய்த்தால் பிசிறும். தெருமுனை ஹார்டுவேர் கடையின் எம்-சீலும் வேலைக்கு ஆகும், கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

மழுங்கிய பிளேடுதான் கையை வெட்டும். அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால் சறுக்குகிறது. பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 1: உடலைத் தயார் செய்தல்

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். வார்ப்பு அச்சின் எண்ணெய் ஒட்டியிருந்தால் பசையும் பெயின்டும் பிடிக்காது. உடலை ஒட்டி முடித்ததும் பக்கவாட்டுப் பீரங்கிகளைச் சீவி எடுங்கள். ஒரே வெட்டில் எடுக்கப் பார்க்காமல், மெல்லிய சீவல்களாக, கத்தி உங்களைவிட்டு விலகிப் போகும் திசையில். பிறகு 400, அடுத்து 800 உப்புத்தாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. சீவி எடுத்த பீரங்கிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், பின்னால் உதவும்.

படி 2: விமானத் தளம்

இதுதான் இந்தக் கலத்தின் உயிர். அவசரம் வேண்டாம்.

தகட்டை அறுக்கக் கூடாது, கீறி ஒடிக்க வேண்டும். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, கத்தியால் லேசாக இரண்டு முறை கீறுங்கள். கீறல் மேல்புறம் இருக்க, இரு பக்கமும் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கினால் 'டக்'கென்று நேர்கோட்டில் ஒடியும். முதலில் வீணாகிற துண்டில் நாலு தடவை செய்து பாருங்கள்.

0.5 மி.மீ. தகட்டில் 22 மி.மீ. நீளம், 6 மி.மீ. உயரத்தில் பின்சுவர் ஒன்று. 1 மி.மீ. தகட்டில் 2.5 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை நீளமாக ஒடித்து எடுங்கள். அதிலிருந்து 22 மி.மீ. துண்டு இரண்டு: ஒன்று கூரை, ஒன்று தரை. அதே பட்டையில் 4 மி.மீ. துண்டுகள் நான்கு: இவை தடுப்புகள். ஒரே பட்டையிலிருந்து வெட்டுவதால் அகலம் பிசகாது. உயரமும் பிசகாமல் இருக்க, நான்கையும் இடுக்கியில் சேர்த்துப் பிடித்து உப்புத்தாளில் ஒன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

பின்சுவரின் கீழ் விளிம்பில் தரையை ஒட்டி, இரு முனைகளிலும் ஒவ்வொரு தடுப்பு, மீதி இரண்டை 6 மி.மீ. இடைவெளி விட்டு நடுவில் நிறுத்துங்கள். துண்டை அதன் இடத்தில் வைத்தபின், சிமென்ட் தொட்ட பிரஷ் நுனியால் இணைப்பில் லேசாகத் தொட்டாலே திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். விரல் அந்த இணைப்பில் படக் கூடாது, பட்டால் ரேகையோடு உருகிப் பதியும். இப்போது மூன்று அறைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் நிஜ அளவில் 18 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம். 15 மீட்டர் விமானம் தாராளமாக நுழையும்.

கூரையை இப்போதே ஒட்டாதீர்கள். உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டும். பின்சுவருக்கு வெளிர் மஞ்சள், பக்கங்களுக்கு அடர்ந்த ஆரஞ்சு, வாயிலுக்கு வரவரக் கறுப்பு. உள்ளே விளக்கு எரிவது போல இருக்கும். ஒட்டும் விளிம்புகளில் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டிருந்தால் சுரண்டிவிடுங்கள். அப்புறம் 0.5 மி.மீ. தகட்டில் 5 மி.மீ. நீளச் சின்ன முக்கோணங்கள் இரண்டு வெட்டி, முன்பாதி வெளியே நீட்டும்படி ஏதாவது இரண்டு அறைகளில் வைத்து ஒட்டுங்கள். மூன்றாவதைக் காலியாக விடுங்கள். விமானம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று பார்க்கிறவர் தானே நினைத்துக்கொள்வார்.

கூரையை மூடி, இதேபோல் இன்னொன்று செய்து, இரு பக்கமும் உடலில் ஒட்டுங்கள். பக்கத்துக்கு 3 மி.மீ. வீதம் கலம் அகலமாகும். இந்த அகலம் அவசியம். எதிரே ஆடுகிறவர் மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தே இது குரூசர் இல்லை, விமானந்தாங்கி என்று புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியின் முன்பின் முனைகள் செங்குத்தாக நிற்காமல் உடலோடு சரிந்து சேரும்படி 0.5 மி.மீ. தகட்டில் சாய்வுத் துண்டுகள் வையுங்கள். இடைவெளிகளைப் புட்டியால் நிரப்பி, ஈரவிரலால் வழித்து, மறுநாள் தேயுங்கள்.

படி 3: நுணுக்கங்கள்

1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு மாடல் செய்தவர்கள், கடையில் விற்ற டாங்கி, விமான கிட்களின் உதிரிகளை விண்கலங்களின் மேல் ஒட்டித்தான் அந்தப் பிரம்மாண்டத்தைக் கொண்டுவந்தார்கள். நாமும் அதையே செய்யலாம், ஒரு திருத்தத்தோடு. அவர்களுடைய முதல் ஸ்டார் டிஸ்ட்ராயர் மாடல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். நம்முடையது 10. டாங்கிச் சக்கரத்தை இதில் வைத்தால் சக்கரமாகவே தெரியும். நமக்கு ஏற்றது 1/700 அளவுப் போர்க்கப்பல் கிட். அதில் வரும் 5 மி.மீ. பீரங்கி மேடை, நம் கணக்கில் 15 மீட்டர் பீரங்கி. சரியான அளவு.

மற்றதெல்லாம் 0.25 மி.மீ. தகடுதான். 1.5, 2, 3 மி.மீ. அகலப் பட்டைகளாக்கி, அவற்றைச் சின்னச் செவ்வகங்களாக நறுக்குங்கள். 0.25 மி.மீ. என்பது முக்கால் மீட்டர் கனக் கவசம், அதற்கு மேல் வேண்டியதில்லை. எல்லாச் செவ்வகங்களும் மூக்கிலிருந்து வால் நோக்கியே நீளட்டும். திசை கலைந்தால் குப்பை கொட்டியது போல ஆகிவிடும்.

எங்கே ஒட்டுவது என்பதைவிட எங்கே ஒட்டாமல் விடுவது என்பதே பெரிய விஷயம். எஞ்சினைச் சுற்றி, விமானத் தளத்தின் மேல்விளிம்பில், கட்டளை கோபுரத்தின் அடியில் நெருக்கமாக வையுங்கள். மேல்பரப்பில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கட்டும். வெறுமையைப் பார்த்த கண்தான் நெருக்கத்தில் நின்று நுணுக்கத்தைத் தேடும். எல்லா இடமும் நிரம்பினால் கண் எதையும் பார்க்காது.

எஞ்சினுக்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலின் உலோக முனை அழகாகப் பொருந்தும். மையைச் ஸ்பிரிட்டால் துடைத்து, அகன்ற பக்கம் வெளியே பார்க்கும்படி சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். ரீஃபிலின் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்த ஆசை வரும். வேண்டாம். அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், எந்தப் பசையும் நிலையாகப் பிடிக்காது. கிட்டாரின் தடித்த, கம்பி சுற்றிய தந்தி ஒரு அங்குலம் இருந்தால் வளைவுள்ள குழாய்களுக்கு அதைவிட நல்லது இல்லை.

படி 4: தாங்கி

கலத்தை மேசைக்கு மேல் தூக்கி நிறுத்தும் தண்டுதான் தாங்கி. பெயின்டுக்கு முன்பே இதைச் செய்யுங்கள். கலத்தை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அங்கே அடியில் குறி போடுங்கள். அங்கே 5 மி.மீ. வட்ட நியோடிமியம் காந்தம் பதியும்படி குழி எடுத்து ஒட்டுங்கள். தாங்கித் தண்டின் தலையில் இன்னொரு காந்தம். ஒட்டும் முன் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வெளியே தெரிய வேண்டிய முகங்களில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். எல்லாக் கலங்களுக்கும் ஒரே திசை என்று வைத்துக்கொண்டால் எந்தத் தாங்கியிலும் எந்தக் கலமும் நிற்கும். எடுத்துச் செல்லும்போது தண்டு முறியும் கவலையும் இல்லை.

படி 5: பெயின்ட்

விமானத் தள வாயில்களை ஈரத் துணித்துணுக்கால் அடைத்துவிட்டு, கறுப்பு அல்லது அடர்சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு). காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள மழைநாளில் ஸ்பிரே அடித்தால் பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். அப்போது பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர் பாதுகாப்பு.

அதன் மேல் நடுத்தரச் சாம்பல். காய்ந்ததும், அதே சாம்பலில் துளி வெள்ளை கலந்து, ஆங்காங்கே சில செவ்வகங்களுக்கு மட்டும் பூசுங்கள். வித்தியாசம் அரைகுறையாகத் தெரிந்தால் போதும். பிறகு பள்ளங்களில் ஓடித் தேங்கும் நீர்த்த கறுப்பு பெயின்ட், அதாவது வாஷ், நெருக்கமான இடங்களில் மட்டும். வெறுமையான பரப்பில் ஓடவிட்டால் கறை படியும். கடைசியாக டிரை பிரஷ்: வெளிர்சாம்பல் தொட்ட பிரஷ்ஷைத் தாளில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபோது விளிம்புகளில் தடவுங்கள்.

ஜன்னல்களுக்கு வெளிர் மஞ்சள், கூரிய பல்குச்சி நுனி. 1 மீட்டர் ஜன்னல் 0.3 மி.மீ.தான், ஆகவே புள்ளி தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தளத்துக்குத் தளம் 1 மி.மீ. விட்டு, ஒரு வரியில் ஏழெட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று, அப்புறம் ஒன்று. எல்லா அறையிலும் விளக்கு எரியாது அல்லவா? எஞ்சினுக்கு ஆழத்தில் வெள்ளை, சுற்றி வெளிர்நீலம், விளிம்பில் அடர்நீலம். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, பிறகு வாயில்களில் அடைத்த துணியை எடுத்துவிடுங்கள்.

படி 6: அடித்தட்டு

ஃபுல் த்ரஸ்டில் கலத்தின் திசை கடிகார முகம் போலப் பன்னிரண்டாகப் பிரிகிறது. அதனால் அடித்தட்டின் விளிம்பில் பன்னிரண்டு குறிகளும், மூக்கின் நேரே சற்றுப் பெரிய குறி ஒன்றும் வரையுங்கள். திருப்பும்போது வாக்குவாதம் வராது. அடியில் ஒரு இரும்பு வாஷரை ஒட்டினால் தட்டு கனத்து, கை தட்டினாலும் சாயாது. பின்விளிம்பில் கலத்தின் பெயரையும் வகையையும் எழுதி, விமானக் குழுக்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். எதிராளி அதைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.