படுக்குமுன் தண்ணி மீட்டரைப் படமெடுங்கள்

ராத்திரி எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, மீட்டரின் சிவப்பு இலக்கங்களையும் முட்களையும் போனில் படமெடுத்து வையுங்கள். விடிய யாரும் முகம் கழுவுமுன் திரும்பப் பாருங்கள். நகர்ந்திருந்தால் மீட்டருக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பைப்பில் எங்கோ ஒழுகுகிறது. அந்தத் தண்ணிக்கும் காசு நீங்கள்தான் கட்டவேண்டும்.

கறுப்பு இலக்கம் ஒன்றால் கூடுவதற்கு 1000 லீற்றர் ஓடவேண்டும், அதுதான் பில்லில் ஒரு யூனிட். சிவப்பு அதற்குக் கீழுள்ளதைக் காட்டுவதால் சின்னக் கசிவும் ஒரே ராத்திரியில் பிடிபடும். முதலில் கொமட் தொட்டியைப் பாருங்கள்: உள்ளே ரப்பர் தேய்ந்தால் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். மீட்டரின் சீலில் மட்டும் கை வைக்காதீர்கள். மீட்டரே பழுதென்றால் நகரசபையோ நீர் வழங்கல் சபையோ, பில் அனுப்புகிறவர்களிடம் சொல்லுங்கள்.

மேலே டேங்க் வைத்த வீட்டில் இது சரிவராது, ராத்திரி டேங்க் நிரம்பினாலும் மீட்டர் ஓடும். டேங்குக்குத் தண்ணி ஏறும் வால்வைப் பூட்டினால் அதுவரையுள்ள பைப்பை மட்டும் சோதிக்கலாம். டேங்கிலிருந்து வீட்டுக்குள் வரும் பைப்புக்கு டேங்கின் தண்ணி மட்டத்தைக் குறித்துப் பார்க்கவேண்டும். நுவரெலியா, ஹற்றன் பக்கம் வறட்சியில் ராத்திரித் தண்ணியை வெட்டினால் ஒழுக்கும் சேர்ந்து நின்றுவிடும், அன்றைக்குப் பார்த்துப் பயனில்லை. ஊற்றுத் தண்ணி எடுக்கும் தோட்ட லயங்களில் மீட்டரே இல்லாவிட்டால் பேச்சே இல்லை.